நாற்பது கண்ணாடியும் ஒரு வைக்கோல்போரும்

அடியே,

உன் படம் என் மேசைமேல் கிடக்கிறது. சட்டம் போட உன் மகள் நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். பசையும் வார்னிஷும் நாறும் இந்தக் கடைக்குள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஓய்வுபெற்ற விஞ்ஞான டீச்சராகச் சிரிக்கிறாய். காரியத்துக்கு முன்னால் வேண்டுமாம். "கனமான கண்ணாடியாப் போடுங்க பெரிம்மா, ரொம்ப நாளைக்கு வரணும்" என்றாள். நல்ல பெண், தாயின் வாய் இவளுக்கு வரவில்லை என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். படியிறங்கும்போது திரும்பிக் கேட்டாள்: "சின்ன வயசுல எங்க தாத்தா வூட்டு வைக்கப்போர நீங்கதான் கொளுத்திட்டீங்களாமே? அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

சிரிப்பாயோ? செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும், நான் திட்டத்தான் போகிறேன்.

அறுபதுகளில், இண்டூரில் நாம் பத்தாவது படித்தபோது, வாரப் பத்திரிகையில் ஒரு விஞ்ஞானத் தொடர்கதை வந்தது. வேற்றுக் கிரகத்து ஆட்கள், பறக்கும் வண்டிகள். அந்த வாரம் கதையில் வந்ததைச் செய்து பார்க்காமல் அடுத்த வாரத்தைப் படிக்கக்கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. உருவம் மறைய வேண்டுமென்று சாம்பலையும் எலுமிச்சைச் சாற்றையும் பூசிக்கொண்டு உன் சித்தி முன்னால் நடந்தோம். முதுகில் விழுந்த அறையிலேயே அந்தச் சோதனை முடிந்தது. நினைப்பாலேயே சேதி அனுப்பும் வாரத்தில் நீ மொரப்பூரில் மாமா வீட்டில் இருந்தாய். நடுப்பகலில் நான் ஒரு காயை நினைக்க, நீ கண்டுபிடித்து எழுத வேண்டும். கத்தரிக்காய் என்று கார்டு போட்டாய். நான் நினைத்தது பீர்க்கங்காய். "நீ சரியா நினைக்கலடி" என்றாய். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும் நான்.

பிறகு அந்த வாரம் வந்தது. விறகே இல்லாத கிரகத்தில் கண்ணாடிகளைத் திருப்பி வைத்துச் சூரியனாலேயே ஏரியைக் கொதிக்க வைக்கிறார்கள். விறகுக்காக நம் ஊர்ப் பெண்கள் காட்டுக்கு நடந்த நடை நமக்குத் தெரியும். இது மட்டும் நடந்துவிட்டால் என்று ஏங்கினோம். என் அத்தா கண்ணாடிக்கடை பாய். திருவிழாவுக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த நாற்பது கைக்கண்ணாடிகளை உங்கள் களத்துக்குச் சுமந்துவந்தேன். களிமண் உருண்டைகளில் அவற்றை நட்டேன். எல்லாவற்றையும் துணிபோட்டு மூடி, ஒன்றை மட்டும் திறந்து, அதன் வெளிச்சத்தைத் தண்ணீர் ஊற்றிய செப்புப் பானையில் விழவைத்து, மறுபடி மூடி, அடுத்ததைத் திறந்தேன். நாற்பது தடவை. நீ வரப்பில் உட்கார்ந்து மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாய்.

துணிகளை எடுத்தோம். காத்திருந்தோம். பானை முனகியது. "கொதிக்குதுடி! ஏ புள்ள, கொதிக்குதுடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய்.

டீத்தூள் எடுத்துவர நான் வீட்டுக்கு ஓடினேன். "வெயில் நகரும். கண்ணாடிய அப்பப்பக் கொஞ்சம் திருப்பி விட்டுக்கிட்டே இரு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ தலையாட்டினாய். ஆனால் தருமபுரி பஸ்ஸில் பத்திரிகை வரும் நாள் அது. ஆரன் கேட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிட்டாய். வெயிலுக்கு என்ன தெரியும்? வெளிச்சம் பானையை விட்டு மெல்ல நகர்ந்து உங்கள் வைக்கோல்போரில் ஏறியது.

ஊரே கூடிவிட்டது. யார் செய்தது என்று உன் அப்பா கத்தினார். நீ பத்திரிகையைப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு சொன்னாய்: "கண்ணாடி அவளுதுங்கப்பா. நான் பஸ்ஸுகிட்ட இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பொய் ஒரு சொல்தான், மீதியெல்லாம் நிஜம். அடிப்பாவி, அதுதான் உன் கெட்டிக்காரத்தனம். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். போர் உங்களுடையது, கண்ணாடி எங்களுடையது. யார் காதில் ஏறும்? என் அத்தா கைகட்டி நின்றார். "தப்புதானுங்க. இனிமே புள்ள பள்ளிக்கொடத்துக்கு வராதுங்க." டீச்சர் ஆக வேண்டும் என்று சொல்லித் திரிந்தவள் நான். "எனக்கெதுக்குடி படிப்பு" என்றவள் நீ. மறுநாள் நான் இந்தக் கடையில் கண்ணாடி அறுக்க உட்கார்ந்தேன். நீ பள்ளிக்கூடம் போனாய்.

எழுபதுகளில் டீச்சராகி என் கடைக்கு வந்தாய். தருமபுரியில் விஞ்ஞானக் கண்காட்சியாம். "நம்ம பழைய வித்தைதான், நாப்பது கண்ணாடி குடு" என்றாய். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். உடையாமலிருக்க வைக்கோல் சுற்றித்தான் கட்டிக்கொடுத்தேன். அதுகூட உனக்கு உறைக்கவில்லை.

கண்காட்சிக்கு நானும் வந்து முன்வரிசையில் நின்றேன். துணி போட்டு மூடி ஒவ்வொன்றாகத் திறந்தது எதற்கென்று உனக்குத் தெரியாது. மாங்காய் தின்றவளுக்கு எப்படித் தெரியும்? நாற்பதையும் ஒன்றாகத் திறந்து வைத்தாய். எந்த வெளிச்சம் எந்தக் கண்ணாடியுடையது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பெரிய பெரிய அதிகாரிகளின் கண்ணெல்லாம் கூசியது. தண்ணீர் வெதுவெதுப்புக்கூட ஆகவில்லை. கூட்டத்தில் என்னைக் கண்டுவிட்டு "வாடி" என்று உதட்டை அசைத்தாய். நான் கடலைத் தோலை ஊதிவிட்டு நின்றேன். இனித்தது. பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை இனித்தது. அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் நானும் இத்தனை வருஷம் இருந்தேன். ஆனால் பெற்ற பிள்ளையிடமும் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறாய்.

மதிய வெயில் கடைக்குள் ஏறினால் இன்றைக்கும் என் கை தானாகப் போய்க் கண்ணாடிகளைத் திருப்பி வைக்கிறது. "கொதிக்குதுடி" என்ற உன் குரலும் காதைவிட்டுப் போகவில்லை, சனியன். என்னை அப்படிக் கட்டிக்கொண்டு குதித்தவர்கள் அதற்குப் பிறகு யாருமில்லை. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

இந்தக் கடிதத்தை உன் மகளிடம் நீட்டப் போவதில்லை. தாயை இழந்து நிற்கிற பிள்ளை, இப்போது வேண்டாம். நாலாக மடித்து உன் படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவில் வைத்து ஆணி அறைந்துவிடுவேன். அவள் கனமான கண்ணாடி கேட்டாள். இருப்பதிலேயே மெல்லியதை அறுத்து வைத்திருக்கிறேன். மாட்டுகிற கொக்கியும் சின்னதுதான். என்றைக்காவது விழும். உடைந்ததையும் உள்ளேயிருந்து விழுந்ததையும் பொறுக்க அவள்தான் குனிவாள்.