காலண்டரைக் காட்டியவளுக்குச் சைபர்

பிப். 11, திங்கள். சாயல்குடி.
காலையில் பனி. மாடியில் மிளகாய் இன்னும் ஈரம்.

நான் முகாமில் சண்டை போடவில்லை. ஊரில் அப்படிச் சொல்லித் திரிகிறார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டேன், இங்கிலீஷில். அது சண்டை என்றால், கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குச் சண்டைதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நடந்தது: சனிக்கிழமை. மதுரை டாக்டர், ஒரு கம்ப்யூட்டர், ஐம்பது தாண்டியவர்களுக்கு ஞாபகச் சோதனை. எனக்கு முப்பதுக்கு இருபத்தொன்பது. எனக்கு முன்னால் உட்கார்ந்த முத்தாயிக்குப் பதினொன்று. 'மறதி நோய் ஆரம்பம்' என்று கம்ப்யூட்டர் தாள் அடித்துக் கொடுத்தது. சோதனையில் கடிகாரம் வரையச் சொன்னார்கள்; அது வரையத் தெரியாதது மூளையின் குற்றமா என்று கேட்டேன். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முத்தாயி பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகச் சத்துணவு சமைப்பவள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு இன்று ஹெட்மாஸ்டர் அவளை அடுப்பண்டை விடவில்லை.

பிப். 12
வாங்க: பேனா மை, தபால் உறை, தீப்பெட்டி.

முத்தாயி வந்தாள். அழுத முகம். முகாமில் புருஷன் பெயரைக் கேட்டபோது ஏன் வாயே திறக்கவில்லை என்றேன்.

"அதெப்புடிம்மா சொல்லுவேன்? புருசன் பேரு!"

"செத்துப் பத்து வருஷம் ஆச்சே."

"செத்தா வேத்தாளா? செவுத்துக் காலண்டர்ல முருகன் இருந்தாரு. இந்தா இவரு பேருதான்னு காட்டுனேன். கேள்வி கேட்ட நர்சம்மா திரும்பிக்கூடப் பாக்கல. சைபரு."

பென்சில் பிடித்ததே இல்லை அவள்.

"நூத்திப்பத்துப் புள்ளைக்கு எம்புட்டு அரிசின்னு கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருப்பேன். யாரு கேட்டா?"

பிப். 13
டாக்டருக்குப் போன். மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி கடத்தும் ரசாயனம் குறைந்தால் ஞாபகம் போகுமாம். சரி. முத்தாயிக்கு அதை அளந்தீர்களா? இல்லையாம். பதில்களை வைத்துக் கம்ப்யூட்டர் கணிக்குமாம். யாருடைய பதில்களைக் காட்டி அதைப் பழக்கினீர்கள்? ஒரு இருமல். மதுரையில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், பேங்க்காரர்கள்.

"உங்களுக்குத்தான் மார்க் நல்லா வந்திருக்கே மேடம், அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா!

இங்கே மட்டும் எழுதுகிறேன். முகாமில் அன்றைய தேதி கேட்டபோது எனக்கு ஞாபகம் வரவில்லை. அதே காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். நான் பார்த்தேன், மார்க். அவள் காட்டினாள், சைபர். இந்த வாரம் பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது.

பிப். 14
பால் வழியவில்லை. பக்கத்திலேயே நின்றேன்.

இங்கே மட்டும் எழுதினால் போதாது. டாக்டருக்குக் கடிதம், பதிவுத் தபாலில். கடைசிப் பத்தியின் நகல்:

"என் மார்க்கில் ஒன்றைக் குறையுங்கள், தேதியைச் சுவரில் பார்த்துச் சொன்னேன். முத்தாயிக்கு அவளுடைய சமையல்கட்டில், அவள் வேலையைப் பற்றிக் கேட்டு மறுசோதனை செய்யுங்கள். அதுவரை அந்தத் தாள் செல்லாது என்று ஹெட்மாஸ்டருக்கு ஒரு வரி எழுதுங்கள். போன் வேண்டாம். எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்."