சேவலுக்கு விழுந்த ஓட்டு

டன்மோர் மாவட்டம், அலபாமா
1966 நவம்பர், ஞாயிறு பிற்பகல்

அன்புத் தம்பி லியாண்டருக்கு அண்ணன் ஹோசியா எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கிழட்டுக் கோவேறு கழுதை உழுத சால் மாதிரி வரிகள் ஒரு பக்கமாகவே சாய்கின்றன. அழுத்தி எழுதிப் பென்சில் முனை உடைந்துபோய், பேனாக்கத்தியால் சீவிச் சீவி எழுதுகிறேன். இதை யார் எழுதித் தந்தார்கள் என்று யோசிக்காதே. நானேதான் எழுதுகிறேன். எழுபத்திரண்டு வயதில் உன் அண்ணனுக்கு எழுத்து வந்துவிட்டது, தம்பி. மாதா கோவிலின் கீழறையில் மிஸ் கொரிந்தியா என்ற பெண் எங்களுக்குக் கற்றுத் தருகிறாள். உன் பெயரை முதன்முதலாக எழுதிய அன்று அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன்.

ஒரு வேடிக்கை பார். படிக்கத் தெரிந்தால்தான் கறுப்பர்களுக்கு ஓட்டு என்று வெள்ளைக்கார அதிகாரிகள் அன்று உன்னை உட்கார வைத்தார்கள். நீ அரசியல் சட்டத்தைத் தடுமாறாமல் வாசித்தாய். அப்படியும் தேறவில்லை என்று சொன்னார்கள். பெயர் பதியப் போனதற்குத் தண்டனையாக அடுத்த வாரம் உன் பஞ்சை எந்த ஆலையும் எடுக்கவில்லை, நீ டெட்ராய்ட்டுக்கு ரயில் ஏறினாய். எனக்கோ போன வருடம் புதுச் சட்டப்படி வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி, வாசிக்கச் சொல்லாமலே பெயரைப் பதிந்துகொண்டார். ஓட்டு முதலில் வந்தது, எழுத்து பிறகு வந்தது. நம் அப்பா இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

இங்கே குளிர் வந்துவிட்டது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு நன்றாக விளைந்தது. என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே சேதி சொல்லிவிடுகிறது. வேறு குறை இல்லை.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். தேர்தலில் தோற்றுவிட்டோம். கொத்தனார் கிடியன் மகன் ரூபனை ஷெரிஃப் பதவிக்கு நிறுத்தியிருந்தோம். இந்த மாவட்டத்தில் நம்மவர்களே சேர்ந்து தொடங்கிய புதுக் கட்சி, காட்டுப்பூனைச் சின்னம். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் சின்னம். பூனைப் படத்தின் கீழ் ஒரு பெருக்கல் குறி போட்டால், அந்த வரிசையில் இருக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் ஓட்டு விழுந்துவிடும். பக்கத்து வரிசையில் வெள்ளைக்காரர் கட்சியின் சேவல். அதன் கீழ்தான் பழைய ஷெரிஃப். உனக்கு அவரைத் தெரியும். உன் பஞ்சு வண்டியைத் திருப்பி அனுப்பியபோது ஆலை வாசலில் நின்றவர்.

கொஞ்ச ஓட்டில்தான் தோற்றோம். அந்தக் கொஞ்ச ஓட்டும் நம் ஓலா மேயின், சாவுச் செலவுக்குக் காசு சேர்க்கிற சவ அடக்கச் சங்கத்துப் பெண்களுடையது. உன் அக்காதான் அந்தச் சங்கத்தின் தலைவி, அவள் சொன்னால் அவர்களுக்கு வேதவாக்கு. வரிசையில் நின்றபடியே அத்தனை பேரிடமும் சேவலுக்கே போடச் சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வருகிற வழியில் வெகு சந்தோஷமாக என்னிடம் சொன்னாள். "சேவலுக்குத்தாண்ணே போட்டேன். அதானே நம்ம லியாண்டரோட கட்சி? ரூஸ்வெல்ட் கட்சி. அவன் படிச்சவன், வருஷா வருஷம் எழுதறானே, இதுதான் நம்ம கட்சி, விட்றாதீங்கன்னு. நம்ம ரூபனும் அதுலதானே நிப்பான்?"

நான் வண்டியை நிறுத்திவிட்டேன். பிரசாரக் கூட்டத்தில் அவள் காட்டுப்பூனையைப் பற்றி, "என் கோழிக்கூட்டைக் காலி பண்ற பிராணிக்கா ஓட்டுக் கேக்கறீங்க?" என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

தம்பி, உன் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. டெட்ராய்ட்டில் அந்தக் கட்சி உனக்குத் தொழிற்சங்கம் தந்தது, நல்ல கூலி தந்தது, உன்னை ஓட்டுச்சாவடிக்கு அழைத்துப் போனது. இங்கே அதே பெயருள்ள கட்சிதான் நம்மை அந்தச் சாவடி வாசல் பக்கமே விடவில்லை. தாத்தா ஜூபல் லிங்கன் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். பிறகு அந்தக் கட்சி நம்மைப் பாதி வழியில் விட்டுப் போனது, இந்தக் கட்சி வந்து கதவைச் சாத்தியது. ஓட்டுச்சீட்டில் சேவலின் தலைக்கு மேல் வெள்ளையர் ஆட்சி என்று வெளிப்படையாகவே அச்சடித்திருந்தார்கள். இந்த வருடம்தான் அந்த எழுத்தை எடுத்தார்கள். சேவலை எடுக்கவில்லை. ஓலா மேக்கு அந்த எழுத்து இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

எனக்குத் தெரியும். ஆனால் உனக்கு எப்படி எழுதுவேன்? இத்தனை வருடமும் உன் கடிதங்களைக் கடைக்கார வெள்ளை அம்மாள்தான் வாசித்துச் சொன்னாள். என் பதிலையும் அவள்தான் எழுதினாள். மழை, பஞ்சு விலை, யார் செத்தார்கள் என்பதைத் தவிர அவள் பேனாவிடம் எதைச் சொல்ல முடியும்? உன் கடிதத்தில் அந்தக் கட்சியின் பெயர் வந்தபோதெல்லாம் அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உன் தம்பி நம்ம கட்சிக்காரனா ஆயிட்டான் போலிருக்கே, ஹோசியா" என்று சிரிப்பாள். நானும் ஆமாம் அம்மா என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். ஓலா மே என் பக்கத்தில்தான் இருப்பாள். கடையில் நான் ஆமாம் என்றது அவளுக்கு உண்மையான ஆமாம் ஆகிவிட்டது.

தேர்தல் முடிந்த வாரமே, ஓட்டுக்குப் பெயர் பதிந்த குத்தகைக்காரர்களை நிலச் சொந்தக்காரர்கள் வெளியேற்ற ஆரம்பித்தார்கள். ஓலா மேயின் சங்கத்துப் பெண் லவ்வியின் கட்டிலையும் அடுப்பையும் தெருவில் வைத்தபோது, ஷெரிஃப் வண்டியில் சாய்ந்து நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். ஓலா மே அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தன்னுடைய சேவலை, அந்தச் சிவப்புக் கொண்டைக்காரனை, கழுத்தைத் திருகி ரூபன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ரூபன் மனைவி அதை மாவுருண்டை போட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டாள். இவள் போகவில்லை. ரூபனே வந்தான். "அத்தை, உங்க சேவல் செத்துப்போச்சு, ஓட்டுச்சீட்டுல இருக்கற சேவலுக்கு அடுத்த தேர்தல் வரைக்கும்தான் ஆயுசு, வாங்க" என்றான். சிரிப்பாள் என்று நினைத்தான். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சங்கத் தலைவி நாற்காலியை விட்டுவிட்டாள். கீழறை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் பெயரில் பாதி வரை எழுதப் பழகியவள், இப்போது பென்சிலைத் தொடுவதில்லை. இனி ஓட்டுச்சாவடிப் பக்கம் போக மாட்டேன், எனக்கு அந்தப் புத்தி இல்லை என்கிறாள். தப்பு உன்னுடையது இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்ன பதில் இதுதான்: "அப்போ லியாண்டர் பொய் சொன்னானா?"

அதற்குப் பதில், தம்பி, உன்னிடம்தான் இருக்கிறது.

அவளுக்கு ஒரு கடிதம் எழுது. அங்கே அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், இங்கே என்ன அர்த்தம் என்று நீயே சொல். நீ சொன்னால்தான் நம்புவாள். உன்னை நம்பித்தானே அவள் அதைச் செய்தாள். பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுது. கிறிஸ்துமஸுக்கு நீயே வந்து சொன்னால் இன்னும் நல்லது. உன் கட்டில் இன்னும் பின்னறையில்தான் இருக்கிறது. வர முடியாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த ஞாயிறும் இந்த மேசையில் உட்காருவேன். பன்றி அடிக்கிற நாளைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. அதற்குள் நீளமான சொற்களுக்கும் என் கை பழகிவிடும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காக்கட்டும். உன் கடிதத்தை நான் கடைக்குக் கொண்டுபோக மாட்டேன். ஓலா மேயின் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் வாயாலேயே வாசிப்பேன். அவள் திறக்கும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பேன். நீ எழுதினால் போதும்.

உன் அண்ணன்
ஹோசியா டால்பர்ட்
(இதுவும் என் கையெழுத்துதான்)