இன்றுவரை

மே 6

1954-ல் இதே நாளில் ஒருவர் ஒரு மைல் தூரத்தை முதல்முறையாக நான்கு நிமிடத்துக்குள் ஓடி முடித்தார். எங்கள் நாளிதழின் 'இதே நாளில்' பத்திக்காக வருடா வருடம் நானேதான் இதை எழுதுகிறேன், ஒரு வார்த்தையை மட்டும் மாற்றி. போன வருடம் 'ஓடிக் கடந்தார்'. இந்த வருடம் 'ஓடி முடித்தார்'. அடுத்த வருடத்துக்கு வினைச்சொல் கையிருப்பில் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அக்கா குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். "விழலடா. உக்காந்தேன்" என்கிறாள். ஈரத்தரையில் யார் உட்காருவார்கள்?

மே 9

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது முழங்கால் மூட்டு தேய்ந்துபோய் எலும்பும் எலும்பும் உரசுகின்றன. மாற்றியே ஆக வேண்டும், இன்னொரு தடவை விழுந்து இடுப்பும் போனால் பிறகு படுக்கைதான் என்றார்.

அக்கா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வலது காலா இருந்தா வெட்டிக்கோங்கன்னு விட்டிருப்பேன் டாக்டர். இது எம்புன கால்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: பெண்கள் நீளம் தாண்டுதலில் தேசியச் சாதனை இவளுடையது. ஆறு மீட்டரும் சொச்சமும். (சொச்சத்தை விட்டால் கோபித்துக்கொள்வாள்.) மணலுக்கு முன்னால் பலகையில் ஊன்றி எம்பியது இந்த இடது காலில்தான். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது, இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. சொல்லச் சொல்ல என் குரலில் பத்தியின் வாடை அடித்தது.

"அதெல்லாம் பெருமைதாம்மா. ஆனா மூட்டுக்கு அது தெரியாதே" என்றார் டாக்டர்.

"என் மூட்டுக்குத் தெரியும்" என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வரும் வழியில் ஒரு கைத்தடி வாங்கினேன். "நீயே வச்சுக்கோ, உனக்கும் வயசாகுதுல்ல" என்றாள். கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

மே 14

இன்று எதுவும் நடக்கவில்லை. வீட்டைச் சொல்கிறேன், உலகத்தை அல்ல.

மே 18

விளையாட்டுப் பக்கத்துக்காரன் தேநீர் குடிக்கும் இடத்தில் என்னைப் பிடித்தான். எதற்கெடுத்தாலும் விசிலடிப்பதால் அவனுக்கு விசில் என்றே பெயர். இன்று அடிக்கவில்லை.

"ஒரு பொண்ணு வந்திருக்கா சார். பயிற்சியிலயே உங்க அக்காவை உரசிட்டுப் போறா. இருபத்தெட்டாம் தேதி தேசியப் போட்டி."

இருபத்தெட்டு. அக்கா தாண்டியது மே 29. எங்கள் பத்தியில் அன்றைக்கு நல்ல கூட்டம் இருக்கும். 1453-ல் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது, சரியாக ஐந்நூறு வருடம் கழித்து எவரெஸ்ட் உச்சியில் மனிதர்கள் ஏறி நின்றார்கள், அதற்குக் கீழே அக்கா. 'எவரெஸ்ட்டுக்கு அடிவாரத்துல என்னைக் குடி வச்சிருக்கே' என்று வருடா வருடம் சொல்வாள். மற்ற நாட்களில் அவள் பேப்பரைப் புரட்டுவதுகூட இல்லை. அன்று மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வாள்.

மாமா போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. தொலைபேசி அலுவலக வேலையும் ஓய்வோடு முடிந்தது. அவளிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு வரி. அதுவும் போனால் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள்?

மே 20

தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவளுக்கு மூன்று மாதமாகவே தெரியுமாம். ஃபோனில் அந்தப் பெண் தாண்டும் காட்சியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஓடி வர்றது நல்லாருக்கு. கடைசி ரெண்டு எட்டுலதான் பயப்படறா. யாராவது சொல்லிக் குடுத்தா சரியாயிடும்" என்றாள்.

"சொல்லிக் குடுக்க வேணாம்" என்றேன் நான்.

மே 23

மறுபடி விழுந்தாள். இந்த முறை உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியவில்லை, நெற்றியில் வீக்கம். நான் கத்திவிட்டேன். என்னதான் நினைச்சிட்டிருக்கே, தூக்கிட்டுப் போக எனக்கு முதுகு இருக்கா, அந்தக் காலை வச்சுப் பூஜையா பண்ணப் போறே — இன்னும் என்னென்னவோ. வாய்க்கு வந்ததெல்லாம்.

அவள் முழங்காலை மட்டும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், நான் அதைத்தான் திட்டுகிறேன் என்பதுபோல.

சாப்பிடாமல் படுத்தோம். இரண்டு பேரும் கிழமாகிவிட்டோம், சண்டை மட்டும் சின்னப்பிள்ளைச் சண்டை.

மே 27

செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். எதைக் கொடுத்தாலும் வெட்டுவதால் கத்திரி. நாளை மறுநாள் பத்தியில் என் அக்கா வரியை விரலால் தட்டினார்.

"இந்த 'இன்றுவரை'யை எடுத்துடுங்க. நாளைக்குச் சாயந்திரம் உடைஞ்சிட்டா, மறுநாள் நம்ம மானம் போயிடும்."

"சரி சார்."

"உடைஞ்சா அடுத்த வருஷத்திலேருந்து அந்த வரியே வேணாம். உடைஞ்ச சாதனைக்கெல்லாம் இடம் குடுத்தா பக்கம் பத்தாது."

சரி சார் என்றுதான் மறுபடியும் சொன்னேன். இத்தனை வருட வேலையில் நான் சரளமாகக் கற்றுக்கொண்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

மே 28

'இன்றுவரை'யை எடுக்கவில்லை.

இரண்டு முறை பக்கத்தைத் திறந்தேன். அந்தச் சொல்லின் மேல் கர்சரை வைத்தேன். எடுத்தால் அந்தப் பெண் ஓடி வருவதற்கு முன்பே நானே உடைத்த மாதிரி இருக்கும். அவள் தாண்டட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கம் அச்சுக்குப் போகக் கொஞ்ச நேரம் இருக்கும்போது விசில் மைதானத்திலிருந்து பேசினான். "போச்சு சார். ரெண்டு விரல்கடை."

ஃபோனை வைத்தேன். அப்போதும் நேரம் இருந்தது. கை போகவில்லை. அவ்வளவுதான், வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

மே 29

முதல் பக்கத்தில் அந்தப் பெண் மணலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்: முப்பத்தெட்டு ஆண்டுச் சாதனை முறிந்தது. ஆறாம் பக்கத்தில் என் பத்தி: இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. காலையிலிருந்தே வாசகர்கள் ஃபோன் மேல் ஃபோன். கத்திரி திட்டவில்லை. திருத்தம் எழுதி மேசையில் வைக்கச் சொன்னார், அது திட்டைவிட மோசம்.

வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரை மடியில் விரித்திருந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். ஆறாம் பக்கத்துக்குத் திருப்பினாள். மறுபடி முதல் பக்கம்.

"ஒரே பேப்பர்ல ரெண்டு பேரும் ஜெயிச்சிருக்கோம்" என்றாள்.

பிறகு சிரித்தாள். மாமா போன பிறகு இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான்தான் அழுதேன். வெட்கமாக இருந்தது, இருந்தும் அழுதேன்.

"ஏண்டா, எனக்கு ஒரு நாள் கூடுதலா வாங்கிக் குடுத்தியா?"

"கை வரலக்கா."

"சரி விடு. அந்தக் கடைசி ரெண்டு எட்டைச் சரி பண்ணிட்டா, பாத்தியா?" சற்று நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்பாடா. இனிமே இது சும்மா கால்தான். டாக்டர்கிட்ட தேதி வாங்கு."

மே 31

திருத்தம் வெளியானது. நான்கு வரி. என் பெயர் இல்லை, அக்கா பெயர் இருந்தது. வெட்டி வைக்கச் சொன்னாள்.

ஜூன் 3

தேதி கிடைத்தது: ஜூன் 18. "அன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள். என்ன தேதி சொன்னாலும் இதைத்தான் கேட்பாள். பெரிய போர் ஒன்று முடிந்தது என்றேன், வாட்டர்லூ. "யாரு தோத்தா?" சொன்னேன். "பாவம்" என்றாள்.

ஜூன் 10

கத்திரியிடம் போனேன். மைல் ஓடியவரின் சாதனையை ஒன்றரை மாதத்தில் இன்னொருவர் உடைத்துவிட்டார் சார், ஆனாலும் மே 6-ல் நாம் போடுவது முதலில் ஓடியவரைத்தான் என்றேன். நான் 'சரி சார்' தவிர வேறொன்று சொன்னதில் அவருக்கே அதிர்ச்சி. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். "ஒரு வரி. அதுக்கு மேல போகக்கூடாது" என்றார்.

அடுத்த மே 29-க்கு இப்போதே எழுதி வைத்துவிட்டேன். 'இன்றுவரை' இல்லை. தாண்டினார் என்று மட்டும். அதுவே போதுமாக இருக்கிறது.

ஜூன் 18

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கைத்தடியை வைத்துக்கொண்டு வராந்தாவில் காத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்குத்தான் என்று நினைத்து இடம் கொடுக்கிறார்கள். உட்கார்ந்துகொள்கிறேன்.

ஜூன் 22

இதே நாளில், அக்கா கட்டிலிலிருந்து வார்டின் கதவு வரை நடந்தாள். ஒரு கையில் தடி, ஒரு கையில் நான். வழியெல்லாம் என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள், மெதுவாப் போடா, என்ன அவசரம் என்று. கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி, வந்த தூரத்தைப் பார்த்தாள்.

"ஆறு மீட்டர் இருக்கும்" என்றேன்.

"சொச்சம்?"

அளக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். அளந்தா எவளாவது வந்து உடைப்பா."