ஆணியில் தொங்கும் பலகை

பிரான்ஸ்டன்,
12 அக்டோபர் 1958

அன்புள்ள ஈனோக் அண்ணாவுக்கு,

நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அண்ணி கொடுத்தனுப்பிய பழக் கேக் தீர்ந்துவிட்டது. கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை படகில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு கால்வாய்ச் சுரங்கத்துக்குள் போனபோது எஞ்சின் தானாக வேகம் பிடித்தது. டீசலை அடைத்தேன். நிற்கவில்லை. சொட்டு டீசல் போகாமலே இன்னும் வெறியாக ஓடியது, அண்ணா. படகே உதறியது. புகையில் தடவித் தடவி, என் வீட்டுக்காரர் செய்து ஆணியில் மாட்டிய பலகையை எடுத்து, எஞ்சின் காற்று இழுக்கும் வாயில் அழுத்தினேன். மூச்சுத் திணறித்தான் நின்றது.

வெளியே வந்ததும் மதகுக் காவலர், “என்னம்மா கெசியா, எஞ்சினுக்குப் பேய் புடிச்சிருச்சா? ஏபலே எந்திரிச்சு வந்து ஓட்டுறாப்புல இருந்துச்சு!” என்றார். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் கண்மூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

உன் தங்கை,
கெசியா


காவன்ட்ரி,
16 அக்டோபர்

அன்புத் தங்கைக்கு,

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆயில் அளவுக்கு மேல் போனால் பழைய எஞ்சின் அதையே குடித்துக்கொண்டு ஓடும். ஏபல் ஞாயிறுதோறும் ‘படகுக்கும் ஒரு வாய்’ என்று ஒரு கோப்பை ஆயில் ஊற்றுவானே, அதை நீயும் விடாமல் செய்கிறாயா? உடனே நிறுத்து. பலகை கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும். தப்பித் தவறியும் காற்று இழுக்கும் அந்த வாயில் வெறும் கையை வைத்துவிடாதே. உன் புருஷனுக்கு இரண்டு விரல் போனது அப்படித்தான்.

அண்ணி, “அந்தப் படகைத் தலைமுழுகிட்டு இங்க வரச் சொல்லுங்க, மாடி ரூம் சும்மாதான கெடக்கு” என்கிறாள். குளிர் வருமுன் வந்துவிடு.

உன் அண்ணன்,
ஈனோக்


பிரான்ஸ்டன்,
28 அக்டோபர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆமாம், ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். நீ சொன்னபடி நிறுத்திவிட்டேன். கூடுதல் ஆயிலையும் வடித்துவிட்டேன். ஆனாலும் திங்கட்கிழமை பார்த்தால் அளவு ஏறியிருக்கிறது. கோப்பை ஈரமாக இருக்கிறது. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

எனக்குப் பயமாக இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மாடி அறைக்கு வரமாட்டேன். இங்கே நான் தனியாக இல்லை. மறுபடி வெறி பிடித்தால் பலகை இருக்கிறது.

கெசியா


காவன்ட்ரி,
4 நவம்பர்

கெசியா,

ஞாயிறன்று உன்னைப் பார்க்க வந்தபோது, நீ தேநீர் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கோப்பையையும் பலகையையும் கோட்டுக்குள் மறைத்து எடுத்து வந்துவிட்டேன். பலகை இல்லையென்று தெரிந்தால் படகை எடுக்கமாட்டாய் என்று நினைத்தேன். சனியன் பிடித்த புத்தி. மதகுக் காவலரிடம் போனில் விசாரித்தேன்; நீ ஆணியைப் பார்க்காமலே கிளம்பிவிட்டாயாம்.

சுரங்கத்துக்குள் போகாதே. கரையில் கட்டிவிட்டு நில். உன் காலில் விழுகிறேன். நானே பலகையோடு வருகிறேன்.

ஈனோக்


பிரான்ஸ்டன்,
6 நவம்பர்

அண்ணா,

உன் கடிதம் சுரங்கத்தின் மறுபக்கத்தில்தான் கிடைத்தது.

நட்டநடுவில் எஞ்சினுக்கு வெறி பிடித்தது. தடவினேன். ஆணி மட்டும் இருந்தது. அன்றைக்கு நீ தேநீர்கூடக் குடிக்காமல் ஓடியது அப்போதுதான் உறைத்தது. கண்ணும் நெஞ்சும் எரிந்தன. வேறு வழியில்லாமல் வெறும் கையை வைக்கப் போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

புகையில் முகம் தெரியவில்லை. சில்லென்ற கை. தடவி எண்ணினேன். மூன்று விரல்கள். எஞ்சின் நின்றது.

ஆயில் ஊற்றுவதும் அவர்தான், மூச்சை அடைப்பதும் அவர்தான். என்னைச் சாகவிடவும் அவருக்கு மனமில்லை, விட்டுப் போகவும் மனமில்லை. எனக்கும் அப்படித்தான்.

உன்மேல் கோபமில்லை. ஆனால் இனி நீ படகுக்கு வரவேண்டாம். அவருக்குப் பிடிக்காது. மாடி அறையை யாருக்காவது விட்டுவிடச் சொல். பலகையையும் அனுப்பாதே, அடுப்பில் போட்டுவிடு.

நாளை விடிந்ததும் மறுபடி சுரங்கம்.

கெசியா