தெற்கே சூலம்

இன்று காலை காலண்டர் தாளைக் கிழித்ததும் கண்ணில் பட்டது. வியாழக்கிழமை. சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். இரண்டையும் ஒரே கட்டத்தில்தான் அச்சிட்டிருக்கிறார்கள். அதில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர் நீங்கள்.

நீங்கள் ஓய்வு பெற்ற வருடம், நம் மகன் கம்ப்யூட்டரில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு துபாய் போனான். அன்றிலிருந்து கடல் வாடையே இல்லாத குளத்தூரில் என் புருஷன் கேப்டன். காபியும் நாற்காலிக்கே வர வேண்டும். எதிரிக் கப்பல் தெரிந்தால் முழு வேகம். வேறு தந்திரம் கிடையாது. பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பவர்போல, ஏற்றிய பெரிஸ்கோப்பை இறக்கவே மாட்டீர்கள். இருக்கிற டார்பிடோவையெல்லாம் ஒரே மூச்சில் விட்டுத் தீர்த்துவிட்டு, காவல் கப்பல் வந்து தலையில் குண்டு போட்டதும், "கேம் சரியில்லடி" என்பீர்கள்.

கையேடு கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது. ஆங்கிலம் படித்த நீங்கள் திறக்கவில்லை. எட்டாவதோடு நின்ற நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். வேகமாகப் போனால் நம் சத்தமே நம்மைக் காட்டிக்கொடுக்கும். கப்பல் நிற்கிற இடத்துக்கு அல்ல, அது போய்ச் சேரப்போகிற இடத்துக்குக் குறிவைக்க வேண்டும். மூழ்கியிருக்கும்போது பாட்டரியை, மாதக் கடைசி அரிசிபோல அளந்து செலவழிக்க வேண்டும். இதில் எது ஐயா உங்களுக்கு விளங்காதது?

ஒரு வியாழக்கிழமை திரையில் எதிரியின் சரக்குக் கப்பல்கள் தெற்கே நழுவிக்கொண்டிருந்தன. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"தெக்க சூலம்டி. இன்னைக்கு அங்கிட்டுத் திருப்பக் கூடாது."

"ஏங்க, கடலுக்குள்ளயுமா சூலம்?"

"தெச எங்க போனாலும் தெசதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படி ஏறினால் உங்களுக்கு நெஞ்சைப் பிடித்தது. இதய டாக்டர் புதுக்கோட்டைக்கு வருவது வியாழக்கிழமை மட்டும். புதுக்கோட்டை நமக்குத் தெற்கே. மாதக்கணக்கில் இதே சாக்கு. நான் பிரதோஷம் தவறாதவள். சாமிக்குப் பயந்தவர் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பயந்தது டாக்டருக்கு. சாமியை முன்னால் நிறுத்திவிட்டு முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள்.

"ஒரு சொட்டுத் தைலத்தத் தொட்டு வச்சுக்கிட்டுக் கெளம்பலாம்னு அதே தாள்லதான போட்டிருக்கு?"

"வந்துட்டா பஞ்சாங்கக்காரி! எங்க, நீ அந்தக் கப்பல முக்கிப்புடு பாப்போம். அடுத்த வியாழன் ஆசுபத்திரிக்கு வாரேன்."

தைலத்தை உச்சியில் தொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரிகள் பார்வைக்கு எட்டாத தூரத்தில் மேலே மிதந்தபடியே சுற்றிப் போய், அவர்கள் வரும் வழியில் முன்னதாக மூழ்கி, இன்ஜினை அடக்கிக் கிடந்தேன். காவல் கப்பல் தலைக்கு மேல் தேடிக் கடக்கும்வரை முருகா, முருகா. பிறகு பெரிஸ்கோப்பில் ஒரு பார்வை. ஒரே டார்பிடோ. பெரிய கப்பல் நடுவில் பிளந்தது. நீங்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தீர்கள்.

அடுத்த வியாழன் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"அது வெளையாட்டுடி. உசுரு விசயத்துல சூலம் பாக்க வேணாமா?"

இதுதான் கேப்டன் வாக்கு. அந்தச் சனிக்கிழமை நாற்காலியிலேயே சாய்ந்துபோனீர்கள். அன்றைக்குச் சூலம் கிழக்கே. நீங்கள்தான் எந்தத் திசைக்குமே புறப்படவில்லையே.

துக்கத்துக்கு வந்த உங்கள் தம்பி, "அண்ணன் கப்பல் ஓட்டுறதுல புலி, அண்ணி" என்று அழுதார். பாவம், அவர் பார்த்ததில்லை. காபி கொடுத்தேன்.

இப்போது எனக்கு ரத்த அழுத்தம். அதே டாக்டர், அதே கிழமை. உங்களுக்கென்று வாங்கிய தைலப் புட்டி என் பையிலேயே இருக்கிறது. இன்றும் ஒரு சொட்டைத் தொட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் தெற்கே திரும்பியது. வெயில் அடித்ததே தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார், "தொணைக்கு யாரும் வரலையாம்மா?"

"வாரேன்னு சொன்னவரு வரலைங்க" என்றேன்.