உன் விரலால் மூன்று விரல்

அன்பு சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுகிறீர்கள் என்று கேட்டாலே எங்களுக்குப் பாதி உடம்பு தேறிவிடும். குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டேன், அப்பா பக்கத்தில் இருந்தால் என் முட்டி கணக்கில் வராதா என்று கேட்பார், அந்த முட்டிக் கதையைப் பிறகு சொல்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, அம்மாவுக்கு இப்போது என்ன கடிதம் எழுதும் ஆசை என்று நீ நினைப்பாய். உனக்கு ஒரு பார்சல் அனுப்புகிறேன், அதற்குள் இதை வைக்கிறேன். அதோடு, உன் போன் வந்த உடனே அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அப்புறம் நான் பேசுவது உனக்கா மாடிவீட்டுக்காரருக்கா என்று எனக்கே தெரிவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ குமட்டுகிறது என்று சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். பஸ்ஸில் போவதால் என்று சொன்னாய். உடனே அப்பா, "முன் சீட்ல உக்காரச் சொல்லு, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கச் சொல்லு, போன் பாக்க வேணாம்னு சொல்லு" என்று பள்ளி வேன் ஓட்டிய அனுபவத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டார், நான் பேச நினைத்தது பாக்கியாகவே நின்றுவிட்டது. அதைத்தான் இதில் எழுதப் போகிறேன், ஆகவே இதை நீ தனியாக இருக்கும்போது படி.

உடம்பில் இடம் பார்த்து அழுத்துகிற இந்தப் புள்ளிப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. எங்கள் ஆஸ்பத்திரித் தையல் அறைக்கு நேர் எதிரே பிசியோதெரபி அறை, அங்கே மறைப்புத் திரை நைந்துவிட்டது என்று புதுசுக்கு அளவெடுக்கப் போனேன். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். ஒரு மனிதன் கையைத் தொங்கவிட்டு நிற்கிறான், உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை கோடு கோடாகப் போட்டு அந்தக் கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக வைத்திருந்தது. மற்றவர்களுக்கு எப்படித் தெரியுமோ, எனக்கு அது துணி வெட்டுவதற்கு முன்னால் போடுகிற பேப்பர் மாதிரிதான் தெரிந்தது, எங்கே மடிப்பு வர வேண்டும் எங்கே பட்டன் வர வேண்டும் என்று நாங்கள் குறி வைப்போமே, அதே மாதிரி. இந்த ஆளை யார் தைக்கப் போகிறார்கள் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே வேலை பார்க்கிற பிசியோ பெண், உன்னைவிடச் சின்னவள், "என்னக்கா, திரைக்கு அளவெடுக்க வந்தீங்களா, இவருக்கா" என்று கேட்டாள். அப்புறம் அவளே சொன்னாள், இது சீன வைத்தியப் படமாம், இந்தப் புள்ளிகளில் ஊசி குத்துகிறவர்கள் உண்டு, ஊசி இல்லாமல் விரலால் அழுத்துகிறவர்களும் உண்டு, அழுத்துவதை நாமே வீட்டில் செய்துகொள்ளலாமாம். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து என் கை வலிக்கிறது என்றேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை மேடாக இருக்கிறதே, அந்த இடத்தை அவள் பிடித்து அழுத்தினாள். சுள்ளென்று இருந்தது, விட்டதும் கை கொஞ்சம் லேசானது. தலைவலிக்கும் அதே இடம்தான் என்றாள். கையில் அழுத்தினால் தலைவலி எப்படிப் போகும் என்று நான் விடவில்லை. "அது எனக்கும் முழுசாத் தெரியாதுக்கா. அந்தக் கோடு வழியா சக்தி ஓடுதுன்னு அவங்க சொல்றாங்க, நான் படிச்ச நரம்புப் படத்துல அப்படி ஒரு கோடு இல்ல. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. செஞ்சு பாருங்க, சாப்பிடுற மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள் பார், அதனால்தான் அவள் சொன்ன மற்றதையும் காதில் வாங்கிக்கொண்டேன். உன் தலைவலிக்கு அந்தக் கட்டைவிரல் மேட்டை அழுத்தச் சொல்லி நான் போனில் படுத்தி எடுத்தது அந்த ஜோரில்தான்.

அப்பா முட்டிக்கும் ஒரு புள்ளி கேட்டு வாங்கினேன். முட்டிச் சில்லுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, எலும்பை விட்டு வெளிப்பக்கமாக ஒரு விரல் ஒதுங்கினால் இருக்கிறதாம். அவள் என் காலில் காட்டிய இடத்தை நான் டேப் வைத்து அளந்துகொண்டேன், நம் கைக்கு வேறு என்ன தெரியும். வீட்டுக்கு வந்து அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, பேண்ட்டைச் சுருட்டச் சொல்லி, அதே அளவுக்குத் தையல் சாக்பீஸால் குறி போட்டுக் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஏதாவது தெரிகிறதா என்றால், "உன் கோபம்தான் தெரியுது" என்கிறார். தினமும் குறி போடுவதும் அழுத்துவதுமாக ஒரு வாரம் ஓடியது, "இந்த முட்டிக்கு எப்ப டெலிவரி" என்று கேலி வேறு. பிசியோ பெண்ணிடம் போய் முறையிட்டேன். யார் விரலால் அளந்தீர்கள் என்றாள், டேப்பால் என்றேன், எதிலிருந்து எடுத்த அளவு என்றாள், என் காலிலிருந்து என்றேன். அவள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். "டேப் இதுல செல்லாதுக்கா. உங்க காலுக்கு உங்க விரல், அவர் காலுக்கு அவர் விரல். அவரவர் உடம்புக்கு அவரவர் விரல்தான் அளவு." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருத்தர் அளவில் இன்னொருத்தருக்குச் சட்டை வெட்டினால் எங்கள் அறையில் யாரையும் விடமாட்டேன், வீட்டுக்காரர் காலில் அதையேதான் செய்திருக்கிறேன். அப்பாவின் நாலு விரல் என் அஞ்சு விரலைத் தாண்டும், நான் இத்தனை நாளும் மேலே எங்கேயோ அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப என் முட்டிக்கு நான்தான் டெய்லர், நீ தள்ளு" என்று பிடுங்கிக்கொண்டார். இப்போது செய்தி பார்த்துக்கொண்டே தன் விரலை வைத்து அளந்து தானே அழுத்திக்கொள்கிறார். வலி போய்விட்டதா என்றால் போகவில்லை, படி ஏறும்போது என்னைத் திட்டுவது குறைந்திருக்கிறது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ குமட்டல் என்றதும் அதற்கு மணிக்கட்டில் ஒரு இடம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்கு முன்னால் தலைவலிக்குச் சொன்ன கட்டைவிரல் மேடு கேட்கிறதா என்று விசாரித்தேன். "அதை நான் தொடுறதே இல்லம்மா" என்றாய். ஏன் என்று கேட்பதற்குள் மாப்பிள்ளை ஆபீஸ் இடம் மாறிய கதைக்குப் போய்விட்டாய். சிட்டு, நீ எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பெண். நம் வீட்டிலிருந்து முதலில் காலேஜுக்குப் போனவள் நீ, அந்தப் பச்சைச் சட்டை உனக்குப் பிடிக்கவில்லை என்று நீ படித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அம்மா தைத்தது என்பதற்காகக் கூச்சத்தோடு அதையும் போட்டுக்கொண்டு போனவள். அப்படிப்பட்டவள் ஒரு இடத்தை மட்டும் தொடுவதே இல்லை என்று வெடுக்கென்று சொன்னால் எனக்கு மண்டை குடையாதா. மறுநாள் பிசியோ அறையில் புதுத் திரையை மாட்டும்போது, ஒருத்தர் அந்த இடத்தை அழுத்தவே மாட்டேன் என்றால் என்ன காரணமாக இருக்கும் என்று பொதுவாகக் கேட்டேன். "வலிக்கும்னு பயமா இருக்கலாம். இல்லன்னா மாசமா இருக்கலாம். மாசமா இருக்கறவங்க அங்க அழுத்த வேணாம்னு புத்தகத்துலயே போட்டிருக்கும். கணுக்காலுக்கு மேல உள்பக்கம் ஒண்ணு இருக்கு, அதையும் தொட வேணாம்பாங்க. ஏன்க்கா கேக்கறீங்க" என்றாள். சும்மாதான் என்றேன். கையில் திரை வளையங்கள் இருந்தன. ஒன்றை மாட்டாமலே விட்டிருக்கிறேன், மறுநாள் போய்ப் பார்த்தால் திரை ஒரு பக்கம் தொங்குகிறது, என்னக்கா நீங்களா இப்படி என்று அவள் கேட்கிறாள்.

போன வருஷம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாம் மாசத்தில் அது நிலைக்காமல் போனபோது அத்தை, மாமா, சித்தி என்று ஒருத்தர் விடாமல் உனக்குப் போன் செய்தார்கள், படுத்த படுக்கையில் நீ ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னாய், அழுதவர்களுக்கு நீயே ஆறுதலும் சொன்னாய். கடைசியில் என்னிடம், "இனிமே எதுவா இருந்தாலும் கையில வந்த பிறகுதான்மா சொல்லுவேன்" என்றாய். அது எனக்கு மறக்கவில்லை. அதனால் நான் எதையும் கேட்கப் போவதில்லை. பஸ் குமட்டலாகவே இருந்தாலும் இருக்கலாம், நானாக முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேன் என்றும் இருக்கலாம். தெரிந்துகொள்ள ஆசை இல்லை என்று சொன்னால் பொய், ஆசை தொண்டை வரைக்கும் நிற்கிறது. ஆனால் உன் பயத்துக்கு என் ஆசையை வைத்து அளவெடுக்கக் கூடாது. அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அவருக்கு ஸ்பீக்கரே வேண்டாம், தெரு முனை வரை கேட்கும்.

பார்சலில் இரண்டு கைப்பட்டை இருக்கிறது, ஒவ்வொரு கைக்கும் ஒன்று. குமட்டலுக்கான இடத்தில் ஒரு பட்டன் அழுந்திக்கொண்டே இருக்கிற மாதிரி கடைகளில் விற்கிறார்களாம், பிசியோ பெண் சொன்னாள், நாம் தைக்காததா என்று உட்கார்ந்தேன். முதலில் ஒல்லியாகத் தைத்தேன், நழுவி நழுவிக் கீழே வந்தது. மணிக்கட்டு மடியும் கோட்டிலிருந்து மேலே வரை அகலமாகத் தைத்த பிறகுதான் நின்றது. பட்டனுக்குப் பட்ட பாடு பெரிய பாடு. தட்டைப் பட்டன் அழுத்தவே இல்லை, கொண்டை வைத்த பட்டன் குத்தியது, கடைசியில் நர்ஸ் கோட்டுக்கு வைக்கிற உருண்டைப் பட்டன் சரியாக வந்தது. நானே கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சலவைக்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா புது வாட்ச், முள்ளைக் காணோம்" என்றார். எனக்குக் குமட்டல் இல்லாததால் கேட்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை, உறுத்தவில்லை, அது நிச்சயம். துணியெல்லாம் வெட்டி முடித்து உன் பட்டையில் பட்டனை வைக்கப் போகும்போதுதான் கை நின்றது. உன் தோள் எனக்கு மனப்பாடம், கழுத்து மனப்பாடம், மணிக்கட்டு மனப்பாடம், உன் மூன்று விரலின் அகலம் தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் தைத்த எந்தச் சட்டையும் அதைக் கேட்டதில்லை. அதனால் பட்டனைத் தைக்காமல் ஊசி நூலோடு தனியாக வைத்திருக்கிறேன். உள்ளங்கையை மேலே பார்க்க வை, மணிக்கட்டுக் கோட்டை ஒட்டி மற்றக் கையின் மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் மூன்றையும் சேர்த்துக் குறுக்கே படுக்க வை. ஆள்காட்டி விரலின் அகலம் முடிகிற இடத்தில், கயிறு மாதிரி இரண்டு நரம்பு ஓடும், அதற்கு நடுவில்தான் இடம். அங்கே பட்டன் படுகிற மாதிரி நீயே தைத்துக்கொள், உனக்குப் பட்டன் தைக்கத் தெரியும். இது மருந்து இல்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால் பட்டையை நம்பி உட்காராதே, கூச்சப்படாமல் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல், பட்டை கட்டியிருப்பதையும் சொல். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றோடு ஓடாதே, படுக்கையை விட்டு மெதுவாக எழு, கனமான பையை மாப்பிள்ளை தூக்கட்டும்.

நீ நினைத்தது நினைத்த மாதிரி, உன் நேரத்தில், உன் கைக்கு வந்து சேரட்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பட்டையில் இரண்டு தையல் ஓட்டியிருக்கிறேன், வழக்கமாக விடுவதைவிட உள்ளே துணியும் அதிகம் விட்டிருக்கிறேன். நாள் போகப் போக உடம்பு பூசிப் பட்டை கையைப் பிடித்தால் முதல் தையலைப் பிரித்துவிடு, அடுத்த தையல் தாங்கும். பிரித்த பிறகு எப்போது உனக்குத் தோன்றுகிறதோ அப்போது போனில், பட்டை இறுகிவிட்டது அம்மா என்று மட்டும் சொல், ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் போதும்.

உன் விரல் அளவை இன்னும் கற்றுக்கொள்ளாத,
அம்மா