ஸ்டேஷனுக்கு வந்தவருக்கு ஒரு நாற்காலி

உன் மகள் நேற்று கொண்டுவந்து கொடுத்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே, நாற்பது வருஷமாகத் தென்காசியில் உட்கார்ந்தபடி நீ வாரப் பத்திரிகைக் கதைகளுக்குப் போட்ட படங்கள். "மாமா, லைப்ரரில அப்பா படத்தையெல்லாம் மாட்டப் போறாங்க. எதை மாட்டணும்னு நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். அன்னைக்குப் பேசவும் செய்யணும்" என்றாள். ரிட்டயரான சப்-இன்ஸ்பெக்டரை ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள் என்றால், இதிலும் உன் கை இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். செத்த பிறகும் உன்னை நம்ப முடியாது.

உன் படங்களின் சமூகப் பார்வை பற்றிப் பேச வேண்டுமாம். அது என்னவென்று எனக்குத் தெரியாதா? நீ வரைந்த கல்யாணப் பந்தியில் மேளக்காரரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே வரிசையில் சாப்பிடுவார்கள். அடுப்படியில் புருஷன் மாவு பிசைவான், மனைவி பேப்பர் படிப்பாள். இதெல்லாம் தாளில் மட்டும்தானோ என்று உன் மகளிடமே விசாரித்தேன். வீட்டிலும் நீதான் பிசைந்தாயாம். சரி, அந்தக் கேஸில் உன்னை விட்டுவிட்டேன்.

நாற்காலி விஷயத்தில்தான் விடவில்லை. நீ போட்ட எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் வந்தவர் உட்கார்ந்திருப்பார். கிழிந்த வேட்டி கட்டியவர் ஆனாலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. எந்த ஊரில் அப்படி நடக்கிறது? என்னைக் குத்திக்காட்டத்தான் வரைகிறாய் என்று முடிவு கட்டியிருந்தேன். காரணம் உனக்குத் தெரியும்.

அது சாரல் சமயம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரை, லாட்ஜில் தங்கியிருந்த ஆள் செயினைக் காணோமென்று கைகாட்டினார். காலையிலிருந்து அவரை என் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்திருந்தேன். அவர் முழங்கையில் எண்ணெய்கூடக் காயவில்லை. "நான் எடுக்கலய்யா" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை கொடுக்க அப்போது பார்த்து நீ வந்தாய். உட்காரச் சொன்னேன். "அவரு நிக்காரு, நான் எப்படிலே உக்கார?" என்று பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். சாயந்திரம் அந்த லாட்ஜ் ஆளின் சோப்பு டப்பாவிலேயே செயின் கிடைத்தது. நின்றவரைப் போகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

பிறகு எத்தனையோ தடவை உன்னைக் கேட்டிருக்கிறேன். "என்னைய வச்சுத்தானலே நாற்காலி போடுத?"

"ஏலே, தாளுல எடம் சும்மா கெடந்துது, போட்டேன். இதுக்கும் ஒரு விசாரணையா?" என்று சிரிப்பாய். நான் நம்பியதே இல்லை.

நேற்று படங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தேதி போட்டிருக்கிறாய். முதல் நாற்காலி, செயின் விவகாரத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது. நான் சப்-இன்ஸ்பெக்டராகிச் சேர்ந்த மாதம். தேதிக்குக் கீழே "முகம் நம்ம பய" என்று எழுதியிருந்தது. திருப்பிப் பார்த்தால், வந்தவர் பக்கம் நாற்காலியை நகர்த்திக் கொடுக்கிற போலீஸ்காரன் நான்தான். என் மூக்கு, என் கோணல் வகிடு. இதில் குத்திக்காட்ட என்ன இருக்கிறது? நான் இப்படித்தான் இருப்பேன் என்று நம்பி வரைந்திருக்கிறாய்.

செயின் விவகாரத்துக்குப் பிந்தைய படங்களை எடுத்தேன். நாற்காலி அப்படியே இருக்கிறது. போலீஸ்காரன் மட்டும் எல்லாவற்றிலும் முதுகைக் காட்டி நிற்கிறான். ஒன்றில்கூட முகம் இல்லை. இத்தனை வருஷம் நாற்காலியையே முறைத்துக்கொண்டிருந்தவன் இதைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அன்று என் மேஜைக்கு முன்னால் நின்றவருடைய பெயர்கூட இன்று எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் படத்தையும் முதுகுப் படம் ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டச் சொல்லிவிட்டேன். அந்த முதுகு யாருடையது என்று லைப்ரரியில் பேசும்போது நானே சொல்வேன்.

இன்று காலை கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். முன்பின் பார்த்திராத ஆள். கையில் ஒரு பை வேறு. என் புத்தி எங்கே போகும், யார், என்ன விஷயம், பையில் என்ன என்று கேள்வி வாய் வரை வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க" என்றேன். யார் என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.